கூழைக்கடா இருந்த இடத்தில் ரொட்டிக் குழந்தை

யெசெனியா காலைக் காப்பியை மேசையில் வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். கூழைக்கடாவைக் காணவில்லை.

பறவைகள் எங்கும் போய்விடவில்லை. அவை எப்போதும்போல மீன்பிடித் துறையின் மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்து, வருகிற படகையும் போகிற படகையும் வேவு பார்த்துக்கொண்டுதான் இருந்தன. காணாமல் போனது அவள் கையால் வரைந்த கூழைக்கடா. 'கூழைக்கடா' என்ற வலைப்பதிவைத் திறந்தால், திரையின் உச்சியில், பெயருக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு படம் தெரியும். ஐகான் என்பார்கள். நீண்ட அலகு, கீழே தொங்கும் பை, ஒரு கறுப்புக் கண், அவ்வளவுதான். அந்த இடத்தில் இப்போது துணி சுற்றிய குழந்தை ஒன்று படுத்திருந்தது. கல்லறைத் திருநாளுக்குச் செய்யும் ரொட்டிக் குழந்தை. இடுப்பில் சிவப்புப் பாகால் போட்ட கச்சை, கண்ணுக்கு இரண்டு உலர்ந்த திராட்சை.

பக்கத்து டேப்பில் கிழவர் தோன் செகுந்தோவின் ரொட்டிக்கடைப் பக்கம் திறந்திருந்தது. அதன் உச்சியிலும் அதே குழந்தை.

என்ன நடந்தது என்பது ஒரே நொடியில் அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

புவெர்த்தோ லுசேர்னா என்ற அந்தத் துறைமுக ஊரில் 'கூழைக்கடா'வை எழுதுவது யார் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் படித்தார்கள், படித்ததாக யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. துறைக்காரர்கள் என்று ஊர் மெதுவாகச் சொல்லும் ஒரு கும்பல், கடைகளிடம் வாராவாரம் பணம் பிடுங்குகிறது. அதற்கு அவர்களே வைத்த பெயர் தடுப்பூசி. போட்டுக்கொண்டால் நோய் வராது. போட்டுக்கொள்ளாதவர்களுக்கு வரும் நோய் பெட்ரோல் வாசனை அடிக்கும். யெசெனியாவின் வீட்டுக்குக் கீழே தையல் கடை வைத்திருந்த மிரெய்யா ஊசி வேண்டாம் என்றாள். கடை எரிந்தது. மின்கசிவு என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. மின்கசிவுக்கு முன்னால் வாசலில் நின்ற வண்டியை யெசெனியா மாடி ஜன்னலிலிருந்து படம் எடுத்திருந்தாள். அந்தப் படத்தைப் போடத்தான் வலைப்பதிவைத் தொடங்கினாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. எந்தத் தெருவில் யார் கடை சாத்தப்பட்டது, எந்த அதிகாரியின் கார் எந்த வீட்டு வாசலில் நிற்கிறது என்று மூன்று வருடமாகக் கூழைக்கடா எழுதிக்கொண்டிருந்தது.

வானொலியில் காலைச் செய்தி வாசிக்கும் வெலிங்டன் மேரோ ஒருநாள் வாய் தவறி அதிலிருந்து ஒரு பத்தியைப் படித்துவிட்டார். மறுநாள் அவர் வீட்டுக் கதவில் செத்த கூழைக்கடா ஒன்றைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். குடும்பத்தோடு அன்றைக்கே ஊரை விட்டுப் போனார். போய்ச் சேர்ந்தாரா என்று யாருக்கும் தெரியாது. எழுதியது அவரில்லை என்று யெசெனியாவுக்கு மட்டும் தெரியும். அந்தப் பறவையின் தொங்கும் தலையை நினைக்காமல் அவள் அதன்பின் ஒரு வரிகூட எழுதியதில்லை. பயந்துகொண்டேதான் எழுதினாள். தைரியசாலிகள்தான் இதையெல்லாம் செய்வார்கள் என்று நினைப்பவர்கள் எதையும் செய்து பார்க்காதவர்கள்.

அவளுடைய பிழைப்பு, ஊர்க் கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுப்பது. பல் மருத்துவர், டயர் கடை, சவப்பெட்டிக் கடை, அழகு நிலையம், ஒரு ஜெபக்கூடம், வெங்காயம் மிதக்கும் சூரைமீன் சூப் விற்கும் கடை, எல்லாம் அவள் கைவண்ணம்தான். மூன்று வருடத்துக்கு முன் கூழைக்கடாவைத் தொடங்கியபோது, அந்த இலவச வலைப்பதிவுத் தளம் அவள் வரைந்த ஐகானை ஏற்றுக்கொள்ளாமல் முரண்டு பிடித்தது. படத்தை வேறெங்காவது வைத்துவிட்டு, அந்த முகவரியை மட்டும் கொடு என்றது. அன்றைக்கு அவள் திறந்து வைத்திருந்தது ரொட்டிக்கடையின் சர்வர். 'இப்போதைக்கு' அங்கே வைப்போம் என்று வைத்தாள். கோப்புக்குப் பெயர் 'ஐகான்-2'.

கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்களுக்கு 'இப்போதைக்கு' என்பது சனி பிடித்த வார்த்தை. இப்போதைக்கு என்று வைத்ததெல்லாம் ஆயுசுக்கும் அங்கேயே இருக்கும், வைத்தவருக்குத்தான் மறந்துபோகும். இந்த வருடம் தோன் செகுந்தோ, திருநாளுக்குத் தன் பக்கத்தின் ஐகானை ரொட்டிக் குழந்தையாக மாற்று என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் செய்த ரொட்டியையே படம் எடுத்து, சுருக்கி, நேற்று மாலை ஏற்றினாள். பழைய ஐகான் ஒன்று இருக்கிறது, இது இரண்டாவது, ஆகவே 'ஐகான்-2'. இதே பெயரில் ஒரு கோப்பு உள்ளது, மாற்றவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள்; வலைப்பதிவு தேடிவரும் முகவரியில் கூழைக்கடா போய்க் குழந்தை வந்தது. எப்போதும் ஆமாம் என்றுதான் அழுத்துவாள். அதைப் படித்துப் பார்க்கிற மனிதர் இன்னும் பிறக்கவில்லை.

கூழைக்கடாவின் படத்தைத் தேடி எடுத்து, வேறிடத்தில் வைத்து, வலைப்பதிவில் முகவரியை மாற்றினாள். விரல்கள் தப்பு தப்பாக அடித்தன. புதுப்பித்துப் பார்த்தாள். குழந்தை படுத்திருந்தது. இன்னொரு முறை பார்த்தாள். செல்போனில் பார்த்தாள். திராட்சைக் கண்கள் அவளையே பார்த்தன.

இதையும் அவளே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். "பொறுங்க, நான் மாத்திட்டேன், உங்க போன்ல பழசு தங்கிக்கிச்சு, ரெண்டு மூணு நாள்ல தானா போயிடும்." செல்போன்கள் ஐகான் விஷயத்தில் மகா கஞ்சன்கள். ஒருமுறை வாங்கி வைத்துக்கொண்டால் லேசில் புதிதைக் கேட்காது. நேற்று மாலைக்குப் பிறகு கூழைக்கடாவைத் திறந்த ஒவ்வொரு செல்போனிலும் அந்தக் குழந்தை இருக்கிறது. அவள் இங்கே என்ன செய்தாலும் இருக்கும். துறைக்காரர்களின் செல்போன்களிலும் இருக்கும். ஊரிலேயே அதை விடாமல் படிப்பவர்கள் அவர்கள்தானே.

அப்போது பின்னூட்டம் ஒன்று வந்திருப்பதைக் கண்டாள். பெயரில்லாதவர் எழுதியிருந்தார்: "குழந்தை அழகா இருக்கே. எந்தக் கடை ரொட்டி?"

யோசிக்காமல் அழித்துவிட்டாள். காப்பியை எடுக்கக் கை நீட்டுவதற்குள் இன்னொன்று வந்தது.

"ஏன் அழிச்சே?"

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். யாரோ ஒருவன் இந்த நிமிடத்தில், இந்த ஊரில், அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். அவள் விழித்திருக்கிறாள் என்று அவனுக்கு இப்போது தெரியும்.

ஆனால் அவன் தேடுவது அவளை அல்ல, ரொட்டிக்கடைக்காரரை. அதுதான் அவளை உட்காரவிடாமல் செய்தது. அவள் செய்த தளங்கள் எல்லாவற்றின் அடியிலும் 'வடிவமைப்பு: யெசெனியா அஞ்சுந்தியா' என்று ஒரு வரி இருக்கும். ரொட்டிக்கடைப் பக்கத்தில் மட்டும் கிடையாது. தோன் செகுந்தோ விடவில்லை. அந்த வலைத்தளம் தன் கைவேலை என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார் மனிதர். அவள் பெயரை எடுக்கச் சொல்லி, அந்த இடத்தில் 'இப்பக்கத்தை உருவாக்கியவர்: செகுந்தோ தொவாபந்தா, ரொட்டிக் கலைஞர்' என்று போடவைத்தார். அவளும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொடுத்தாள். துறைக்காரர்களுக்கு அந்த ஒரு வரி போதும். இந்தமுறை அவர் கதவில் கூழைக்கடா தொங்காது. எச்சரிக்கை இல்லாமல் ஆளையே முடித்துவிடுவார்கள்.

அவளுக்கு ஒரு வழிதான் தோன்றியது. ஒரு கடையில் மட்டும் இருந்தால் அது அடையாளம்; ஊரெல்லாம் இருந்தால் திருநாள். பல் மருத்துவரின் பக்கத்தைத் திறந்து குழந்தையைப் போட்டாள். டயர் கடையில் போட்டாள். சவப்பெட்டிக் கடை, அழகு நிலையம், ஜெபக்கூடம், சூப் கடை என்று ஒன்று விடாமல் போட்டாள். பாதியில் போன் அடித்தது. நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டாள். பல் மருத்துவர் மரிபெல்.

"ஏய், உனக்கு மூளை கெட்டுப்போச்சா? பல்லு டாக்டர் பக்கத்துல இனிப்பு ரொட்டிய வெச்சிருக்கே!"

"கல்லறைத் திருநாள் டாக்டர். ஊரே வெச்சிருக்கு. நாலு நாள்தான்."

"இதத் தின்னுட்டுத்தான் எல்லாரும் கன்னத்தப் புடிச்சுக்கிட்டு எங்கிட்ட வருவாங்க. சரி, எனக்கும் வெளம்பரம்தான். இருந்துட்டுப் போவட்டும். ஏன் உன் குரல் ஒரு மாதிரியா இருக்கு?"

"சளி டாக்டர்."

சவப்பெட்டிக்காரர், மிகவும் அழகாக இருப்பதாகவும் வருடம் முழுக்க அப்படியே வைத்துவிடலாமா என்றும் செய்தி அனுப்பினார். அதைப் படித்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் விக்கலாக மாறியது. ஏனென்றால் கடைசித் தளத்தில் குழந்தையைப் போட்டுவிட்டுப் பக்கத்தின் அடிவரை இறங்கிப் பார்த்தபோது, அங்கே அவள் பெயர் இருந்தது. ஒவ்வொன்றிலும் இருந்தது. இத்தனை குழந்தைகளுக்கும் ஒரே தாய் என்று எழுதி ஒட்டியதுபோல இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. கிழவரிடமிருந்து திருப்பிய விரல் அவளை நோக்கியே நீண்டது.

பெயரை எடுத்துவிடலாமா என்று மவுஸின்மேல் கையை வைத்தாள். எடுத்தால் மறுபடியும் மிஞ்சுவது ஒரே பெயர், ரொட்டிக் கலைஞரின் பெயர். கையை எடுத்துவிட்டாள். போய் வாந்தி எடுத்தாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு ரொட்டிக்கடைக்குக் கிளம்பினாள். எப்படியாவது அவரை இன்றே ஊரை விட்டு அனுப்பிவிட வேண்டும்.

கடையில் கூட்டம் வாசல் தாண்டி நின்றது. உள்ளே ஊதாக் கஞ்சி கொதித்து, கிராம்பும் அன்னாசித் தோலும் மணத்தது. தட்டுத்தட்டாய் ரொட்டிக் குழந்தைகள். தோன் செகுந்தோ முழங்கைவரை மாவோடு நின்றுகொண்டு, எல்லோரையும் வாய்க்கு வந்தபடி வைதபடியே விற்றுக்கொண்டிருந்தார். மலை ஊரான அம்பாத்தோவிலிருந்து வந்து, கடற்கரைக்காரர்களைக் குரங்கு என்று அழைத்தே இத்தனை வருடம் பிழைத்த ஒரே ஆள் அவர்தான்.

"வாடி கடற்கரைக் குரங்கே! கஞ்சி வாசம் அடிச்சாத்தான் இந்தப் பக்கம் வழி தெரியுமா?"

"தோன் செகுந்தோ, ஒரு நிமிஷம் உள்ள வாங்க. பேசணும்."

"அடுப்ப யாரு பாக்கறது, உங்கப்பனா? இங்கயே சொல்லு."

அவள் கல்லாவுக்கு மேல் குனிந்து தணிந்த குரலில் பேசினாள். "இந்த வருஷம் வீட்டம்மா கல்லறைக்குப் போகலையா? போய்ட்டு வாங்களேன். மத்தியானம் அம்பாத்தோ பஸ் இருக்கு. இன்னிக்கே போங்க."

"கல்லறைத் திருநாளன்னிக்கு ரொட்டிக்காரன் கடைய மூடறதா? எம் பொண்டாட்டியே எந்திரிச்சு வந்து வெளக்குமாத்தால அடிப்பா."

"நான் வெளையாடல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "மூஞ்சி ஏன் பச்ச மாவாட்டம் இருக்கு? நீ வீட்டுக்குப் போ புள்ள. இன்னிக்குக் கடைப்பக்கம் நிக்காத. கூட்டம்."

கூட்டமாம். அவள் ஒவ்வொரு வருடமும் இதே கூட்டத்தில் வந்து கஞ்சி ஊற்றிக் கொடுத்தவள். எரிச்சல் வந்தது. இந்த மனிதரைக் காப்பாற்ற வந்தால், வாசலைக் காட்டுகிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது என்று அவள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ஊரில் அவனைக் கம்பவுண்டர் என்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஊசிப் பணம் வசூலிக்க வருகிறவன். இன்று வெள்ளி அல்ல. ஹெல்மெட்டை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, வரிசையைப் பார்க்காமல் நேராகக் கல்லாவுக்கு வந்தான். வாடிக்கையாளர்கள் ஆளுக்கு ஒரு செங்கல்லைத் தரையில் தேர்ந்தெடுத்து அதையே பார்த்தார்கள்.

"தோன் செகுந்தோ, யாவாரம் ஜோரா?"

"கடவுள் புண்ணியம். என்ன வேணும், பெருசா சிறுசா?"

"ஒண்ணு கேக்கணும்." கம்பவுண்டர் செல்போனை எடுத்து ரொட்டிக்கடைப் பக்கத்தைக் காட்டினான். நகத்தால் ஐகானைத் தொட்டான். "இந்தப் பொம்மை. இத யாரு போட்டது?"

சொல்லாதே கிழவா, இந்த ஒருமுறை மட்டும் சொல்லாதே என்று யெசெனியா மனதுக்குள் கெஞ்சினாள்.

தோன் செகுந்தோ நெஞ்சை நிமிர்த்தினார். "யாரா? நாந்தான்! ரொட்டியும் நான் போட்டது, படமும் நான் போட்டது. கீழ பேரு இருக்கே, படிக்கத் தெரியாதா?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கம்பவுண்டரின் முகத்தில் மெல்லிய சிரிப்பு ஒன்று வந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் யெசெனியாவின் வாய் தானாகத் திறந்துகொண்டது. அதைத் திறந்தது தைரியமா, கோபமா, பயமா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"பொய் சொல்றாரு. அவருக்குக் கம்ப்யூட்டர எந்தப் பக்கம் தொறக்கறதுன்னே தெரியாது. நாந்தான் போட்டேன்."

"வாய மூடு புள்ள," என்றார் கிழவர்.

"எதுக்கு மூடணும்? மூணு வருஷமா எம் பேர எடுத்துட்டு உங்க பேரப் போட்டுக்கிட்டீங்க. போனாப் போவுதுன்னு விட்டேன். இன்னும் எத்தன நாளைக்கு?"

"நான் சொல்லச் சொல்லத் தட்டுனவதானே நீ? மாவு பெசையறவன் ரொட்டிக்காரனா, அடுப்புக்கு வெறகு தள்ளறவ ரொட்டிக்காரியா?"

"அப்ப நீங்களே இப்பத் தொறந்து மாத்திக் காட்டுங்க பாப்போம்!"

"என் கையெல்லாம் மாவு!"

கம்பவுண்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு செல்போனில் இன்னொரு பக்கத்தைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். 'கூழைக்கடா' என்ற பெயர். பக்கத்தில் ரொட்டிக் குழந்தை.

"அப்ப இதுவும் உன்னோடதா?"

கஞ்சி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"பொம்மை என்னோடதுதான்," என்றாள். குரல் அவளுடையதுபோல இல்லை. "ஊர்ல எல்லார் பக்கத்துலயும் அதான் போட்டிருக்கேன். பல்லு டாக்டர் பக்கத்தப் பாருங்க, சவப்பெட்டிக் கடையப் பாருங்க. ஒண்ணு பண்ணி எல்லாருக்கும் போட்டா வேலை மிச்சம். இவன் எவனோ அத எடுத்து ஒட்டிக்கிட்டான். படத்தத் திருடறது பெரிய வேலையா? நீங்ககூடத் திருடலாம்."

"திருடலாந்தான்," என்றான் கம்பவுண்டர். ரசித்துச் சொன்னான். ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்தான். டயர் கடையில் ஒரு குழந்தை. ஜெபக்கூடத்தில் ஒரு குழந்தை. அவன் கட்டைவிரல் பக்கத்தின் அடிவரை இறங்கி, அவள் பெயரில் நிற்பதை அவள் பார்த்தாள். கல்லாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க."

"எதுக்கு?" என்றார் தோன் செகுந்தோ.

"போட்டோ. எது யாரோடதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எங்க முதலாளி பாத்துச் சொல்லட்டும்." செல்போனைத் தூக்கினான். "சிரிங்க. திருநாளாச்சே."

கிழவர் சிரிக்கவில்லை. யெசெனியாவின் உதடு விரிந்தது. பயத்தில் உதடு விரிந்தாலும் படத்தில் சிரிப்பாகத்தான் விழும். கம்பவுண்டர் தட்டிலிருந்து பெரிய குழந்தையாக ஒன்றை எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை திரும்பும்வரை யாரும் அசையவில்லை. அப்புறம் வரிசை தானாகக் கலைந்தது. கஞ்சி வாங்க வந்தவர்கள் காலிப் பாத்திரத்தோடு போனார்கள்.

தோன் செகுந்தோ ஷட்டரைப் பாதி இறக்கினார். அவளை மாவு மூட்டைமேல் உட்காரவைத்து, தானும் எதிரே உட்கார்ந்தார்.

"ஏன் வாயத் தொறந்தே? சொல்லு, ஏன் தொறந்தே?"

"அவன் உங்களக் கொன்னிருப்பான் தோன் செகுந்தோ. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது…"

"என்ன தெரியாது? தெனம் காலைல அடுப்பு பத்தவெச்சுட்டு நான் படிக்கறது அததான். இன்னிக்குத் தொறக்கறேன், கூழைக்கடா எடத்துல எங்கொழந்த படுத்திருக்கு. இடது கண்ணு கொஞ்சம் எறங்கியிருக்கும், நான் வெக்கற மாதிரியே. எங்கொழந்தய எனக்குத் தெரியாதா? என் பக்கத்துல கை வெக்கறவ இந்த ஊர்ல நீ ஒருத்திதான்."

வீட்டுக்குப் போ, இன்றைக்குக் கடைப்பக்கம் நிற்காதே என்று அவர் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்ததுபோல இருந்தது.

"அப்ப நீங்க அவங்கிட்ட சொன்னது…"

"பெருமைக்குச் சொன்னேன்னு நெனச்சியா?" கிழவர் மூக்கை உறிஞ்சினார். "பெருமைக்கும்தான். ஆனா எனக்கென்ன, பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, புள்ள குட்டி கெடையாது. எம் பேரோட முடிஞ்சிருக்கும். எல்லாத்தையும் கெடுத்துட்டியே, பாவி."

யெசெனியா அழுதாள். அவர் மாவுக் கையாலேயே அவள் தலையைத் தடவினார். தலை முழுக்க வெள்ளையானது. அப்புறம் அடுப்பை அணைத்தார். தொட்டியில் நாளைக்கான மாவு பொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒருமுறை தட்டி அமுக்கிவிட்டு, துணியைப் போட்டு மூடினார். பயன் இல்லை என்று தெரிந்தும் மூடினார். ஒரு அட்டையில் 'துக்கம் காரணமாகக் கடை விடுமுறை' என்று எழுதி ஷட்டரில் ஒட்டினார்.

"யார் செத்ததுன்னு கேட்டா?" என்றாள்.

"திருநாள்ல யாராவது இருப்பாங்க. நட."

வீட்டுக்குப் போய்த் துணி எடுக்க அவர் விடவில்லை. பின்வாசல் வழியாக, ஆளுக்கு ஒரு ரொட்டிப் பையோடு, கல்லறைக்குப் போகிற அப்பனும் மகளும்போல பஸ் நிலையத்துக்கு நடந்தார்கள். ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் அவள் கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. துறைக்கட்டைகள்மேல் கூழைக்கடாக்கள் உட்கார்ந்திருந்தன. அவற்றைத் திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பஸ் புறப்பட்டு, ஊர் எல்லையிலிருந்த போலீஸ் சாவடியைத் தாண்டியது. தாண்டிவிட்டது என்பதை அவளால் நம்ப முடியவில்லை. தோன் செகுந்தோ பையை மடியில் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. இந்த அறுபத்தெட்டு வயதுக்கு மேல் அவர் எந்த ஊரில் போய் எந்த அடுப்பைப் பற்றவைப்பார் என்று நினைத்ததும், அவளுக்குத் தன்னை இரண்டு அறை அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. ஒரு கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கவில்லை. அவ்வளவுதான் அவள் செய்தது.

முன் இருக்கையில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, மடியில் பூங்கொத்தோடு, செல்போனை முகத்துக்கு மிக அருகில் பிடித்திருந்தாள். இருக்கைகளின் இடுக்கு வழியாகத் திரை தெரிந்தது. யெசெனியாவுக்கு எழுத்துகள் தெரியவில்லை, படிக்கவும் தேவையில்லை. உச்சியில் ரொட்டிக் குழந்தை படுத்திருந்தது.

பின்னாலிருந்து யாரோ பார்ப்பதை அந்தப் பெண் உணர்ந்துவிட்டாள். சட்டென்று செல்போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"நான் படிக்கலம்மா," என்றாள் கிசுகிசுப்பாக. "அது தானா தொறந்துக்கிச்சு. சத்தியமா. நான் ஒண்ணும் படிக்கறதில்ல."

பயப்படாதீங்க என்று சொல்ல யெசெனியா வாயெடுத்தாள். ஆனால் இவள் யார், யாருக்கு அக்கா, யாருக்குச் சம்சாரம் என்று யாருக்குத் தெரியும்? இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு இருந்தார்கள்.

தோன் செகுந்தோ கண்ணைத் திறந்தார். பையில் கைவிட்டு ஒரு ரொட்டிக் குழந்தையை எடுத்து, இருக்கைக்கு மேலாக நீட்டினார். அந்தப் பெண் ரொட்டியைப் பார்த்தாள். சற்று இறங்கிய இடது கண்ணைப் பார்த்தாள். கிழவரைப் பார்த்தாள். தலைமுடியெல்லாம் மாவோடு இருந்த யெசெனியாவைப் பார்த்தாள்.

ரொட்டியை வாங்கி, யாரும் பார்ப்பதற்குள் பூங்கொத்துக்கு அடியில் மறைத்து வைத்துக்கொண்டு முன்னால் திரும்பிவிட்டாள். அப்புறம் வழி நெடுகிலும் அவள் திரும்பவே இல்லை. அவளுடைய தோள்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

தன்னைப் படிப்பவர்களில் ஒருவரைக்கூட யெசெனியா அதுவரை நேரில் பார்த்ததில்லை. மூன்று வருடமும் இப்படிப் பயந்துகொண்டேதான் படித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.